ஜமாஅத் பதிவேட்டுக்கு ஒரு வலைச் செயலி: வார்ப்புருவிலிருந்து தொடங்குமுன் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகை சிப்காட். மாவட்டத் தலைநகரை ஒட்டி காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. இந்தப் பகுதியின் மஹல்லாக்களில் இரண்டு வகைக் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. பழவேற்காடு போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வேரூன்றியவர்கள் ஒரு பக்கம். ஆலை வேலைக்காக வந்து, வாடகை வீட்டில் இருந்து, ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊர் போகிறவர்கள் மறுபக்கம். முதல் வகையினருக்கு நோட்டுப் பதிவேடே போதுமாக இருந்தது. இரண்டாம் வகையினரின் முகவரியும் செல்பேசி எண்ணும் மாறிக்கொண்டே இருப்பதால், நோட்டில் அடித்தலும் திருத்தலுமே மிஞ்சுகிறது.

அப்போதுதான் நிர்வாகிகளின் பார்வை கணினி படிக்கும் பிள்ளையின் மீது விழுகிறது. "தம்பி, நம்ம பள்ளிக்கு ஒரு சாஃப்ட்வேர் பண்ணிக் கொடுங்களேன். சந்தா, குடும்ப விவரம், நிகாஹ் தஃப்தர் எல்லாம் அதிலேயே வந்துடணும்" என்கிறார்கள். "டெம்ப்ளேட் இருக்கு பாய், ஒரு வாரத்துல முடிச்சிடலாம்" என்று பிள்ளையும் சொல்லிவிடுகிறார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை. டெம்ப்ளேட் இருக்கிறது, ஒரு நாளிலேயே திரையில் ஏதோ ஒன்று ஓடவும் செய்யும். மீதிப் பாதி என்னவென்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும், அவரிடம் வேலையை ஒப்படைக்கும் பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும். காரணம், அந்தச் செயலிக்குள் போகப்போவது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் விவரம். அதில் விதவைகளின் பெயர் இருக்கும், கடன்பட்டவரின் பெயர் இருக்கும், யாருக்கும் தெரியாமல் உதவி பெறுபவரின் பெயரும் இருக்கும். ஆகவே இதைக் குடும்பத்தார் அனைவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறோம்.

வார்ப்புரு என்றால் என்ன?

டெம்ப்ளேட் என்பதற்குத் தமிழில் வார்ப்புரு என்று பெயர். ஃபவுண்டரியில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. முதலில் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு பேட்டர்ன் செய்கிறார்கள். அதை மணலில் வைத்து இறுக்கி எடுத்தால் மோல்டு கிடைக்கும். அதில் உருகிய இரும்பை ஊற்றினால் வார்ப்பு. வார்ப்பு வெளியே வந்ததும் வேலை முடிவதில்லை. பிசிறு நீக்கி, லேத்தில் கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்த பிறகே அது விற்கத்தக்க பொருளாகிறது. இன்னொன்றையும் அவர்கள் அறிவார்கள்: பேட்டர்னில் ஒரு குறை இருந்தால், அதிலிருந்து வரும் அத்தனை வார்ப்பிலும் அதே குறை இருக்கும்.

வலைச் செயலியிலும் இதுவே நடக்கிறது. எந்தச் செயலியை எழுதினாலும் முதல் சில நாள் வேலை ஒன்றுபோலவே இருக்கும். கோப்புறைகளை அமைக்க வேண்டும், தரவுத்தளத்தோடு இணைக்க வேண்டும், பயனர் உள்ளே நுழைய வழி செய்ய வேண்டும். இதை ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் காலமும் வீண், பிழையும் அதிகம். அதனால் அனுபவசாலிகள் ஒரு தொடக்க அமைப்பைத் தயாரித்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். ஒரே கட்டளையில் அதன் கோப்புகள் நம் கணினியில் உருவாகிவிடும்.

அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றிலும் யாரோ நமக்காக முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவுகள் இருக்கின்றன. மொழி எது, நேரம் எந்த நாட்டு நேரம், பிழை வந்தால் யாருக்கு எதைக் காட்டுவது, உள்ளே வருபவர் எதையெல்லாம் பார்க்கலாம் என எல்லாமே முடிவாகித்தான் வருகிறது. அவை தவறான முடிவுகள் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை எடுத்தவருக்கு நமது மஹல்லாவைத் தெரியாது. அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஏற்க வேண்டியதை ஏற்று, மாற்ற வேண்டியதை மாற்றுவதுதான் புதிய செயலியைத் தொடங்குவதின் உண்மையான வேலை.

நடைமுறையில் உள்ளதா, ஓய்வுபெற்றதா?

முதலில் பார்க்க வேண்டியது, நாம் எடுக்கும் வார்ப்புரு இன்னும் பராமரிக்கப்படுகிறதா என்பது.

இதற்கு நல்ல உதாரணம் 'கிரியேட் ரியாக்ட் ஆப்'. ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2016 ஜூலையில் இதை வெளியிட்டார்கள். ரியாக்ட் என்ற கருவியில் செயலி எழுத அப்போது பல அமைப்புகளைத் தனித்தனியே இணைக்க வேண்டியிருந்தது. இது அந்தத் தொல்லையை ஒரே கட்டளையில் தீர்த்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான மாணவர்கள் அதில்தான் பாடம் தொடங்கினார்கள். காலப்போக்கில் அதைப் பராமரிக்க ஆளில்லாமல் போயிற்று. புதிய செயலிகளுக்கு இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே 2025 பிப்ரவரி 14 அன்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் காட்டிய வழிகளில் ஒன்று 'வீட்'. இதை 2020-ல் உருவாக்கியவர் இவான் யூ.

ஆனால் யூடியூபில் உள்ள பழைய பாடங்கள் அறிவிப்பு வந்ததும் அழிந்துவிடுவதில்லை. 2019-ல் பதிவான காணொளியைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை இன்றும் அதே பழைய கட்டளையைத்தான் தட்டுவார். அது ஓடவும் ஓடும். ஓடுவதால் சரி என்று நினைத்துவிடுவார். எனவே எந்த வார்ப்புருவை எடுத்தாலும் அதன் அதிகாரப்பூர்வ ஆவணத்தைத் திறந்து, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும் என்று பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்ப்பதைப் போன்றது இது.

பதிவேட்டுக்கு எது பொருத்தம்?

வீட் போன்ற வார்ப்புருக்கள் செயலியின் முகப்பை மட்டுமே தருகின்றன. திரையில் தெரியும் பக்கம், பொத்தான், படிவம் அவ்வளவே. விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளமும், யார் நுழையலாம் எனத் தீர்மானிக்கும் காவலும் அதில் இல்லை. தனியே அமைக்க வேண்டும். ஆனால் புதிதாகப் படித்தவர்கள் அழகான முகப்பைச் செய்து காட்டுகிறார்கள், நிர்வாகிகளும் செயலி தயார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாசல் கட்டிய உடனே வீடு முடிந்தது என்று குடிபோவதைப் போன்றதுதான் அது.

ஜமாஅத் பதிவேட்டின் தேவை வேறு. அழகை விட ஒழுங்கு முக்கியம். அதற்கு 'ஜாங்கோ' போன்ற முழுமையான கட்டமைப்பு பொருத்தம் என்பது நமது கருத்து. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது ஜாங்கோ. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. நம் பகுதிக் கல்லூரிகளில் பிசிஏ, பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் பைத்தான் பழக்கமானதுதான். பயனர் கணக்கு, கடவுச்சொல் பாதுகாப்பு, குழு வாரியான அனுமதி, விவரங்களைப் பதியவும் திருத்தவும் ஒரு நிர்வாகத் திரை ஆகியவை அதனுடனேயே வருகின்றன.

அதன் பதிப்புகளில் 'நீண்டகால ஆதரவுப் பதிப்பு' என்று ஒரு வகை உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அத்தகையது, அதற்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அடிக்கடி கைவைக்க ஆள் இல்லாத பள்ளிவாசல் அலுவலகத்துக்கு இத்தகைய பதிப்பே நல்லது.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பையும் பொருளையும் மட்டும் தருகிறோம்.

முதலாவதாக, பைத்தானை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து நிறுவ வேண்டும். ஜாங்கோ 5.2-க்கு பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை.

இரண்டாவதாக, ஒரு கோப்புறை உருவாக்கி அதற்குள் 'வென்வ்' எனப்படும் தனிச்சூழலை அமைக்க வேண்டும். ஒரு செயலிக்காக நிறுவும் கருவிகள் இன்னொரு செயலியோடு மோதாமல் இருக்க இது உதவும். சமையலறையில் சைவத்துக்கும் மீனுக்கும் தனித்தனிப் பாத்திரம் வைப்பதில்லையா, அதைப் போல.

மூன்றாவதாக, 'பிப்' என்ற கருவியின் மூலம் ஜாங்கோ 5.2-ஐ நிறுவி, நிறுவியவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வேறொரு பிள்ளை பொறுப்பேற்றால், எதன் மீது கட்டப்பட்டது என்று இந்தக் கோப்புதான் சொல்லும்.

நான்காவதாக, 'ஸ்டார்ட் ப்ராஜெக்ட்' கட்டளை. இங்கேதான் வார்ப்புரு இறங்குகிறது. ஓரிரு நொடியில் சில கோப்புகள் தோன்றும். அவற்றில் 'செட்டிங்ஸ்' என்ற கோப்பு மிக முக்கியமானது. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

ஐந்தாவதாக, 'ரன் சர்வர்' கட்டளை. பிரவுசரில் 8000 என்ற எண்ணுள்ள முகவரியைத் திறந்தால் ராக்கெட் படத்தோடு வாழ்த்துச் செய்தி வரும். இந்தச் சர்வர் எழுதும் காலத்துச் சோதனைக்கு மட்டுமே. மக்கள் பயன்பாட்டுக்கு இதையே வைத்துவிடக் கூடாது என்று ஜாங்கோ ஆவணமே எச்சரிக்கிறது.

இவ்வளவும் அரை மணி நேர வேலை. பிள்ளை சொன்ன 'ஒரு வாரம்' இதை வைத்துத்தான். இதன் பிறகே உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

செட்டிங்ஸ் கோப்பில் உள்ள ஐந்து முடிவுகள்

ஒன்று, இரகசியச் சாவி. வார்ப்புரு இறங்கும்போதே ஒரு நீண்ட சாவி தானாக உருவாகும். உள்ளே நுழைந்த பயனரை அடையாளம் காண்பது உட்படப் பல காரியங்களுக்கு அதுவே முத்திரை. அது பாதுகாப்பற்றது என்று அதன் முதல் சொல்லிலேயே வார்ப்புரு எழுதி வைத்திருக்கிறது. செயலியைப் பயன்பாட்டுக்கு விடும்போது புதிய சாவி உருவாக்கி, நிரலுக்கு வெளியே, சர்வரின் சூழல் அமைப்பில் வைக்க வேண்டும்.

இரண்டு, பிழைகாட்டும் நிலை. 'டீபக்' என்ற வரியில் 'ஆம்' என்றே இருக்கும். எழுதும்போது அது உதவி. எங்கே பிழை என்று விரிவாகக் காட்டும். பயன்பாட்டுக்கு வந்த பின்னும் அப்படியே விட்டால், செயலியின் உள்ளமைப்பை வெளியாருக்கும் விரிவாகக் காட்டும். இதை அணைக்க மறக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதே வரியின் மேலே எழுதப்பட்டிருக்கிறது. படிப்பவருக்குத்தான் அது உதவும்.

மூன்று, எந்த முகவரியில் இயங்கலாம் என்ற பட்டியல். வெறுமையாக இருக்கும். அணைத்த பின் செயலி ஓடவில்லையே என்று சிலர் அங்கே 'எல்லா முகவரியும்' என்ற நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். நமது முகவரியை மட்டும் எழுதுவதே முறை.

நான்கு, மொழி. அமெரிக்க ஆங்கிலம் என்று இருக்கும். ஜாங்கோவில் தமிழ் மொழிபெயர்ப்பு இருப்பதால் அதைத் தமிழுக்கு மாற்றலாம். மொழிபெயராமல் எஞ்சும் சொற்களை நாமே எழுதிக்கொள்ளலாம். முஅத்தினும் கணக்குப்பிள்ளையும் திரையைப் பார்த்துத் திகைக்காமல் வேலை செய்ய வேண்டுமென்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஐந்து, நேரம். வார்ப்புருவில் உலகப் பொது நேரம் இருக்கும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. இதை மாற்றாவிட்டால், ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் காலை 5 மணிக்குப் போட்ட சந்தா ரசீது முந்தைய நாள் இரவு 11.30 என்று காட்டும். மாதத்தின் முதல் தேதியில் வாங்கிய பணம் சென்ற மாதக் கணக்கில் போய் நிற்கும். கணக்குக் கேட்கும் கூட்டத்தில் யாரோ பணத்தை மாற்றிவிட்டார் என்ற சந்தேகம் எழும். ஒரு வரியை மாற்றாததால் ஒரு மனிதரின் நாணயம் கேள்விக்குள்ளாகும்.

பெயர் என்ற கட்டம்

ஜாங்கோ உட்படப் பெரும்பாலான வார்ப்புருக்கள் பயனரின் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. நம்மிடம் குடும்பப்பெயர் என்ற வழக்கம் பரவலாக இல்லை. தகப்பனாரின் பெயரை முதலெழுத்தாக வைக்கிறோம். குடும்பங்களின் விவரப் படிவத்தையும் அதே மாதிரியில் அமைத்தால் ஒருவர் தகப்பனார் பெயரை எழுதுவார், ஒருவர் ஊர்ப்பெயரை எழுதுவார், ஒருவர் புள்ளி வைப்பார். ஆகவே முழுப்பெயருக்கு ஒரே கட்டம், தகப்பனார் பெயருக்குத் தனிக் கட்டம் என்று வைப்பது நல்லது.

முஹம்மது, முகமது, முகம்மது என ஒரே பெயரைத் தமிழிலேயே பல விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். பெயரை வைத்துத் தேடினால் இருக்கும் குடும்பமே இல்லை என்று செயலி சொல்லும். அதை நம்பி அதே குடும்பத்தை மறுபடி பதிவார்கள். எனவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதையே அடையாளமாகக் கொள்ள வேண்டும்.

வேறு சில கட்டங்களும் கவனத்துக்குரியவை. பிறந்த தேதி தெரியாத மூத்தவர்கள் நிறைய. ஆண்டை மட்டும் ஏற்கும்படி வைக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் ஜனவரி 1 என்று பதிந்துவிடுவார்கள். ஒரே செல்பேசி எண்ணை ஒரு குடும்பமே பயன்படுத்தும். ஓர் எண் ஒருவருக்குத்தான் என்று விதித்தால் பதிவு நின்றுவிடும். குடும்பப் பொறுப்பாளர் பெண்ணாகவும் இருக்கலாம். கணவரை இழந்தவரின் வீட்டுக்கு மகனின் பெயரைத் தேடி எழுத வைக்கக் கூடாது. வேலைக்காக வந்தவர்களுக்கு முந்தைய மஹல்லா எது என்ற கட்டம் அவசியம். நாளை நிகாஹுக்கு ஜமாஅத் கடிதம் கேட்கும்போது அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

இவை எதையும் அமெரிக்காவிலிருந்து வந்த வார்ப்புரு சொல்லித் தராது. பள்ளிவாசல் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் தெரிந்துவிடும். படிவத்தை எழுதுமுன் பழைய நோட்டுப் பதிவேட்டை ஒரு முறை முழுதாகப் புரட்டிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சாவி யாரிடம்?

ஜாங்கோவில் பூட்டு இருக்கிறது. யாருக்கு எந்தச் சாவி என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். பார்க்க, சேர்க்க, திருத்த, நீக்க என நான்கு அனுமதிகளைத் தனித்தனியே கொடுக்க முடியும். ஆனால் இந்த அனுமதி அட்டவணை வாரியாகவே செயல்படும். அதாவது ஓர் அட்டவணையைப் பார்க்க அனுமதி பெற்றவர், இயல்பாக அதிலுள்ள எல்லாக் கட்டங்களையும் பார்ப்பார்.

இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. குடும்ப அட்டவணையிலேயே 'ஜகாத் பெறுபவரா' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டால், சந்தா வசூலுக்குப் போகும் இளைஞர் முதல் எல்லோருக்கும் அது தெரியும். மானத்தோடு வாழும் ஒரு குடும்பத்தின் நிலை தெருவுக்கு வந்துவிடும். உதவி விவரத்தைத் தனி அட்டவணையாக வைத்து, பொறுப்பாளர் ஓரிருவருக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். செயலி எழுதும் பிள்ளைக்குமே அதிலுள்ள உண்மைப் பெயர்கள் தேவையில்லை. கற்பனைப் பெயர்களை வைத்து எழுதி, சோதித்து முடித்த பிறகே உண்மையான விவரத்தை ஏற்ற வேண்டும்.

முழு அதிகாரமுள்ள 'சூப்பர் யூசர்' கணக்கின் கடவுச்சொல்லை ஐந்து நிர்வாகிகளும் பகிர்ந்துகொள்வது இன்னொரு வழக்கம். நிர்வாகத் திரையில் யார் எதைச் சேர்த்தார், திருத்தினார், நீக்கினார் என்று ஜாங்கோ தானே குறித்து வைக்கிறது. எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால் அந்தக் குறிப்பால் யாதொரு பயனும் இல்லை. ஒருவருக்கு ஒரு கணக்கு. பொறுப்பு முடிந்த அன்றே அந்தக் கணக்கை முடக்க வேண்டும்.

அடுத்தது, விவரம் எங்கே இருக்கிறது என்பது. தொடக்க அமைப்பில் ஜாங்கோ 'எஸ்க்யூலைட்' என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக, நிரல் இருக்கும் கோப்புறையிலேயே இருக்கும். பிள்ளைகள் தங்கள் நிரலைச் சேமிக்கவும் வேலை தேடும்போது காட்டவும் 'கிட்ஹப்' தளத்தில் ஏற்றுவது வழக்கம். எவற்றை ஏற்றக் கூடாது என்று சொல்லும் 'கிட் இக்னோர்' கோப்பை ஜாங்கோ வார்ப்புரு உருவாக்கித் தருவதில்லை. கவனிக்காமல் மொத்தக் கோப்புறையையும் பொதுவில் ஏற்றினால், நிரலோடு சேர்த்து மஹல்லாவின் அத்தனை விவரமும் உலகத்தின் பார்வைக்குப் போய்விடும். பிறகு அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். ஆகவே முதல் பதிவுக்கு முன்பே அந்தக் கோப்பை எழுதி, தரவுத்தளத்தையும் சாவிகளையும் விலக்கிவிட வேண்டும். வீட் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதில் கிட் இக்னோர் கோப்பு உண்டு, ஆனால் 'என்வ்' என்ற இரகசியக் கோப்பின் பெயரை அது விலக்குவதில்லை, 'லோக்கல்' என்று முடியும் கோப்புகளை மட்டுமே விலக்குகிறது.

இன்னும் எளிய வழியும் உண்டு. பல ஜமாஅத்களுக்கு இச்செயலி இணையத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அலுவலகக் கணினி ஒன்றில், வெளித்தொடர்பின்றி ஓடினால் போதும். நகல் மட்டும் வாரந்தோறும் எடுத்து, கடவுச்சொல்லிட்டு, வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை என்ன செய்தது என்பதைப் பார்த்தோம். தரைத்தளத்தில் இருக்கும் ஒரே கணினியை நம்பியிருக்க முடியாது.

பேட்டர்னில் குறை வந்தால்

ஒரு வார்ப்புருவின் கீழே வேறு பலர் எழுதிய நிரல்கள் இருக்கும். அவற்றில் குறை தோன்றினால் நம் செயலியிலும் தோன்றும், நாம் ஒரு வரியும் எழுதாவிட்டாலும்.

2025 செப்டம்பர் 8 அன்று, 'என்பிஎம்' என்ற பொதுக் கிடங்கில் பிரபலமான பொதிகள் சிலவற்றைப் பராமரித்தவர் ஒரு போலி மின்னஞ்சலுக்கு ஏமாந்தார். அவரது கணக்கைக் கைப்பற்றியவர்கள் பதினெட்டுப் பொதிகளில் திருட்டு நிரலைச் சேர்த்தார்கள். வாரத்துக்கு இருநூறு கோடி முறைக்கும் மேல் தரவிறக்கப்படும் பொதிகள் அவை. ஓரிரு மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கப்பட்டன. அந்த நேரத்தில் புதிதாக நிறுவியவர்களுக்குத்தான் ஆபத்து. பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று, ரியாக்டின் சர்வர் பகுதியில் மிகக் கடுமையான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து. அதைப் பயன்படுத்தும் 'நெக்ஸ்ட்' கட்டமைப்பின் தொடக்க வார்ப்புருவை எடுத்து, எதையும் மாற்றாமல் வெளியிட்ட செயலியையும் தாக்க முடியும் என்ற நிலை. திருத்தப் பதிப்பு அன்றே வந்தது. அதை உடனே நிறுவியவர்கள் பாதுகாப்பாக இருந்தார்கள்.

முதல் சம்பவம், கண்ணை மூடிக்கொண்டு புதியதை நிறுவாதே என்கிறது. இரண்டாவது, திருத்தம் வந்தால் தாமதிக்காதே என்கிறது. இரண்டும் முரண்போலத் தோன்றும். பதிப்புகளைப் பூட்டி வைத்து, பாதுகாப்பு அறிவிப்புகளைப் படித்து, காரணம் அறிந்து மாற்று என்பதே இரண்டின் பொருள். அதற்கு ஓர் ஆள் வேண்டும். செயலி எழுதிய பிள்ளை நாளை வேலை கிடைத்து பெங்களூரு போகலாம், வளைகுடா போகலாம். ஆகவே தொடங்கும் நாளிலேயே இரண்டு பேருக்குக் கற்றுத் தருவதும், எப்படி நிறுவுவது என்று தமிழில் ஒரு குறிப்பேடு எழுதுவதும் வேலையின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

வார்ப்புரு வேறு, விலைக்கு வாங்கிய புராஜெக்ட் வேறு

பெற்றோருக்கு ஒரு சொல். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆயத்த புராஜெக்ட்களை விற்கும் கடைகள் இருப்பதை அறிவீர்கள். பணம் கட்டினால் நிரலும் அறிக்கையும் தயாராகக் கிடைக்கும். "டெம்ப்ளேட்டும் அதே மாதிரிதானே?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு.

அப்படியல்ல. வார்ப்புருவை எழுதியவர்கள் பொதுப் பயன்பாட்டுக்கென்று உரிமம் எழுதி, தெரிந்தே தருகிறார்கள். ரியாக்டும் வீட்டும் எம்ஐடி உரிமத்திலும், ஜாங்கோ பிஎஸ்டி உரிமத்திலும் வருகின்றன. பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அந்த நிரலைப் பிறருக்குத் தரும்போது எழுதியவரின் உரிமக் குறிப்பை நீக்காதீர்கள் என்பதே முக்கிய நிபந்தனை. கடையில் வாங்கிய புராஜெக்டைத் தன் உழைப்பு என்று கல்லூரியில் சமர்ப்பிப்பது பொய். அதனால் ஏற்படும் இழப்பும் பிள்ளைக்கே. நேர்காணலில் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் பதில் இருக்காது. ஜமாஅத் பதிவேட்டைத் தானே கட்டிய பிள்ளையிடம் நேர வரியை ஏன் மாற்றினாய் என்று கேட்டால், ஃபஜ்ர் ரசீதின் கதையையே சொல்வார்.

சட்டமும் கேட்கிறது

தனிநபர் தரவுகளுக்கென 2023-ல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக விவரம் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெறுவதும், 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் பெறுவதும், கேட்டவரின் விவரத்தைத் திருத்துவதும் நீக்குவதும் அதன் அடிப்படைகள். தேவையற்றதைக் கேட்காமல் இருப்பதே எளிய பாதுகாப்பு. ஆதார் எண் பதிவேட்டுக்கு எதற்கு? பதில் இல்லையென்றால் அந்தக் கட்டமே வேண்டாம்.

நிர்வாகிகள் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

செயலி தயார் என்று பிள்ளை வந்து நிற்கும்போது, கணினி தெரியாதவரும் இவற்றைக் கேட்கலாம்:

1. எந்த வார்ப்புரு? அதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்?
2. பிழைகாட்டும் நிலை அணைக்கப்பட்டதா? இரகசியச் சாவி எங்கே இருக்கிறது?
3. நேரம் இந்திய நேரமா? காலை 5 மணிக்கு ஒரு ரசீது போட்டுக் காட்ட முடியுமா?
4. உதவி பெறுவோர் பட்டியலை யார் யார் பார்க்க முடியும்? வசூல் செய்பவரின் கணக்கில் நுழைந்து காட்டு.
5. விவரம் எந்தக் கணினியில் இருக்கிறது? பொதுத் தளம் எதிலும் ஏற்றப்பட்டதா?
6. நகல் எங்கே? அதிலிருந்து ஒரு முறை மீட்டுப் பார்த்தாயா?
7. நீ ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்?

இவற்றில் எதற்காவது பதில் இல்லையென்றால் கோபிக்க வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பிள்ளை ஊதியம் வாங்காமல் உழைக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். அவரது இணையச் செலவையும் சர்வர் செலவையும் ஜமாஅத் ஏற்றுக்கொள்வதே நியாயம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மூன்று மாதம் சந்தா ரசீது மட்டும் செயலியில் ஓடட்டும், நோட்டும் கூடவே இருக்கட்டும். இரண்டின் கணக்கும் ஒத்துப்போன பிறகு குடும்ப விவரத்துக்கு வரலாம். நிகாஹ் தஃப்தரின் கையெழுத்துப் பிரதி எப்போதும் கையெழுத்துப் பிரதியாகவே இருக்கட்டும். செயலி அதைத் தேடி எடுக்க உதவினால் போதும்.

மக்கள் தங்கள் வீட்டு விவரங்களை நம்மை நம்பிச் சொல்கிறார்கள். அது அமானிதம். அதைக் காக்கும் அறிவையும் பொறுப்பையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் வழங்குவானாக.